ஒரு கண்ணின் துணைகொண்டு



இன்று உங்களோடு பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரின் வாழ்க்கை. கிரிக்கெட் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். சிலர், “ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன தொடர்பு?” என்று எண்ணியும் இருப்பீர்கள். தொடர்பு உண்டு. அதைப் பேச்சின் பிற்பகுதியில் சொல்லுகிறேன். முதலில் ஒரு சிறு சோதனை செய்வோம்.

இரண்டு பென்சில்களை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கு ஒன்றாகப் பிடித்து, கைகளை முன்னால் நீட்டி, கூர்முனைகள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கண்கள் இரண்டும் திறந்திருக்கும்போது முனையோடு முனையைச் சேர்ப்பது எளிது. இனி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதையே சற்று விரைவாகச் செய்து பாருங்கள். ஒரு முனை மற்றொன்றுக்கு முன்னாலோ பின்னாலோ நழுவிப் போகும். முனைகள் இரண்டும் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரிகின்றன. ஆயினும் அவை எவ்வளவு தொலைவில் உள்ளன என்பது தெரியவில்லை.

இதற்குக் காரணம் எளிது. நம் கண்கள் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்தவை. ஆதலால் ஒரே பொருளை இடக்கண் ஒரு கோணத்திலும், வலக்கண் சற்றே வேறான கோணத்திலும் காண்கின்றன. இவ்விரு காட்சிகளுக்கும் உள்ள சிறு வேறுபாட்டைக்கொண்டு மூளை தொலைவைக் கணக்கிடுகிறது. ஒரு கண் போய்விட்டால் அந்தக் கணக்கும் போய்விடுகிறது. அசையாமல் கையில் இருக்கும் பென்சிலுக்கே இந்தப் பாடு என்றால், இருபத்திரண்டு கெஜ தூரத்திலிருந்து ஏறக்குறைய அரை விநாடியில் பாய்ந்துவரும் பந்தை ஒரு கண்ணால் பார்த்து அடிப்பது எத்தகைய செயல் என்பதை எண்ணிப் பாருங்கள். அச்செயலைப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாக, உலகின் தலைசிறந்த பந்துவீச்சாளர்களுக்கு எதிரே நின்று செய்தவர்தாம் மன்சூர் அலி கான் பட்டோடி.

அவர் 1941-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் போபால் நகரில் பிறந்தார். தந்தையார் இப்திகார் அலி கான், தில்லிக்கு அருகிலிருந்த பட்டோடி என்னும் சிறு சமஸ்தானத்தின் நவாபு. இங்கிலாந்து அணிக்காகவும் ஆடி, 1946-இல் இந்திய அணிக்குத் தலைமையும் தாங்கியவர் அவர். மகனுக்குப் பதினொரு வயது நிறைந்த அதே பிறந்த நாளில், 1952-இல், தந்தையார் போலோ ஆட்டத்தின்போது உயிர் நீத்தார். சிறுவன் இங்கிலாந்துக்குக் கல்வி கற்கச் சென்றான். வின்செஸ்டர் பள்ளியில் படித்தபோது 1959-ஆம் ஆண்டுப் பருவத்தில் 1,068 ஓட்டங்கள் எடுத்தான். அப்பள்ளியில் நாற்பது ஆண்டுகளாக நிலைத்திருந்த டக்ளஸ் ஜார்டினின் சாதனை அவ்வாறு முறியடிக்கப்பட்டது. பின்னர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் சேர்ந்தார். 1961-இல் அப்பல்கலைக்கழக அணியின் தலைவரானார். அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. வயது இருபது. அவருடைய கண்களின் கூர்மையையும் கைகளின் விரைவையும் கண்டோர், உலகின் மிகச் சிறந்த மட்டையாளர்களுள் ஒருவராக அவர் வருவார் என்று நம்பினர்.

அவ்வாண்டு ஜூலை முதல் நாள் இரவு. இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள ஹோவ் நகரில் சசெக்ஸ் அணியோடு ஆக்ஸ்போர்டு அணியினர் ஆடிக்கொண்டிருந்த சமயம். இரவு உணவை முடித்துக்கொண்டு நண்பர்கள் தங்குமிடம் திரும்பினர். சிலர் நடந்தே சென்றனர். பட்டோடி காரில் ஏறிக்கொண்டார். வழியில் அந்தக் கார் மற்றொரு காரோடு மோதியது. முன்கண்ணாடி நொறுங்கியது. கண்ணாடிச் சில்லு ஒன்று அவருடைய வலக்கண்ணில் பாய்ந்தது.  மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கண் எடுக்கப்படவில்லை, ஆனால் அதன் பார்வை ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். இத்தகைய வரலாறுகளைச் சொல்லுவோர், “ஆயினும் அவர் மனம் தளரவில்லை, மீண்டும் மட்டையை எடுத்தார், வென்றார்” என்று இரண்டு வரிகளில் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். அந்த இரண்டு வரிகளுக்கு இடையே என்ன நடந்தது என்பதுதான் மாணவர்களாகிய நீங்கள் அறியவேண்டிய செய்தி.

இழப்பின் அளவு பட்டோடிக்கு முதலில் ஆட்டக்களத்தில் தெரியவில்லை. உணவு மேசையில் தெரிந்தது. கூஜாவிலிருந்து கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றினால், தண்ணீர் குவளைக்குள் விழாமல் மேசைமீது விழுந்தது. சிகரெட்டுக்கு நெருப்பு வைத்தால், நெருப்பு அதன் முனையைத் தொடாமல் விலகி நின்றது. பென்சில் சோதனையில் நீங்கள் கண்டது இதைத்தான். ஆனால் நீங்கள் மூடிய கண்ணைத் திறந்துகொள்ளலாம். அவருக்கு அந்த வழி இல்லை.

சில வாரங்களில் அவர் வலைப்பயிற்சிக்குத் திரும்பினார். பந்து எங்கே விழுகிறது, எப்போது வந்து சேருகிறது என்பது பிடிபடவில்லை. சிறுவயது முதல் சிந்தியாமலே செய்துவந்த செயலை, இப்போது ஒவ்வொன்றாகச் சிந்தித்துச் செய்ய வேண்டியிருந்தது. எழுதப் பழகிய கை ஒடிந்தபின் மற்றக் கையால் அகரம் முதல் எழுதிப் பழகுவது போன்ற நிலை அது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் டெட் டெக்ஸ்டரின் தலைமையில் ஆங்கிலேய அணி இந்தியாவுக்கு வந்தது. ஐதராபாத்தில் அவ்வணியோடு நடந்த ஆட்டத்தில் பட்டோடி இடம்பெற்றார். பழுதுபட்ட கண்ணுக்கு ஒட்டுவில்லை ஒன்று பொருத்தியிருந்தார்கள். அதன் உதவியால் வலக்கண்ணுக்கு ஓரளவு காட்சி தெரிந்தது. ஆனால் அந்தக் காட்சி இடக்கண்ணின் காட்சியோடு ஒன்றுபடவில்லை. ஆகவே பந்து வீசப்பட்டபோது, அவருக்கு ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, ஆறேழு அங்குல இடைவெளியில் இரண்டு பந்துகள் வந்தன!

இரண்டில் எதை அடிப்பது? உட்புறமாக வரும் பந்தே மெய்யான பந்து என்று முடிவு செய்துகொண்டு அதையே ஆடினார். அவ்வாறு ஆடித் தேநீர் இடைவேளைக்குள் முப்பத்தைந்து ஓட்டங்கள் எடுத்தார். இடைவேளையில் அந்த வில்லையைக் கழற்றிவிட்டார். பழுதுபட்ட கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கண்ணால் ஆடினார். ஆட்டமிழந்தபோது அவர் எடுத்திருந்த ஓட்டங்கள் எழுபது.

இளைஞர்களே, அந்த வில்லையைக் கழற்றிய செயலை நான் மிகவும் மதிக்கிறேன். இருந்ததை இல்லாதது போலவும், இல்லாததை இருப்பது போலவும் எண்ணிக்கொள்வது மனித இயல்பு. அரைகுறையாகத் தெரியும் கண்ணை வைத்துக்கொண்டு, “எனக்கு இன்னும் இரண்டு கண்கள் உண்டு” என்று அவர் தம்மையே தேற்றிக்கொண்டிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. பொய்யான இரண்டினும் மெய்யான ஒன்றே துணை என்று தெளிந்தார். தம் இழப்பை உள்ளபடி ஒப்புக்கொண்டவருக்குத்தான் எஞ்சியிருப்பதன் அளவும் உள்ளபடி தெரிகிறது.

அதன்பின் தம் ஆட்டத்தைப் புதிதாக அமைத்துக்கொண்டார். முன்னைப்போல் பக்கவாட்டில் திரும்பி நில்லாமல், பந்து வீசுவோரைச் சற்று நேராக நோக்கி நிற்கும்படி நிலையை மாற்றினார். வலக்கண்ணில் தெரியும் மங்கிய காட்சி குழப்பம் செய்யாதபடி, தொப்பியின் முன்விளிம்பை அக்கண்ணின்மேல் தாழ்த்திக்கொண்டார். ஒரு கண்ணுக்கும் தொலைவை உணர்த்தும் வேறு குறிப்புகள் உண்டு. நெருங்கும் பொருள் பெரிதாகத் தோன்றுகிறது. அதன் நிழலும், பின்னணியில் அது நகரும் விதமும் சில செய்திகளைச் சொல்லுகின்றன. இக்குறிப்புகளைப் படிக்க மூளையைப் பழக்குவது பயிற்சியால்தான் கைகூடும். அப்பயிற்சியை அவர் இடைவிடாது செய்தார்.

விபத்து நிகழ்ந்து ஆறு மாதம் நிறைவதற்குள், 1961 டிசம்பரில் தில்லியில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் அவர் இந்தியாவுக்காக முதன்முதலாகக் களமிறங்கினார். எடுத்த ஓட்டங்கள் பதின்மூன்று. அடுத்துக் கல்கத்தாவில் 64-உம் 32-உம் எடுத்தார். மூன்றாவது ஆட்டம், 1962 ஜனவரியில் நம் சென்னையில், கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்தது. அங்கே அவர் 103 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்ட் ஆட்டங்களில் அவருடைய முதற் சதம் அதுவே. அந்த ஆட்டத்தில் இந்தியா 128 ஓட்டங்களால் வென்றது. இங்கிலாந்துக்கு எதிராக ஒரு தொடரை இந்தியா வென்றதும் அதுவே முதல் முறை. அன்று சென்னையில் கைதட்டி மகிழ்ந்த ஆயிரக்கணக்கானோர், ஏழு மாதங்களுக்கு முன் இரு கண்களோடு இருந்த இளைஞர் இப்போது ஒரு கண்ணோடு ஆடுகிறார் என்பதை எந்த அளவுக்கு உணர்ந்திருப்பார்கள்!

அதே ஆண்டு இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றது. பார்படாஸில் அணித் தலைவர் நாரி கான்ட்ராக்டர் தலையில் பந்து தாக்கி உயிருக்குப் போராடினார். துணைத் தலைவராக இருந்த பட்டோடி 21 ஆண்டு 77 நாள் வயதில் தலைமை ஏற்றார். டெஸ்ட் ஆட்ட வரலாற்றில் அவ்வளவு இளம் வயதில் தலைவரானவர் அதுவரை எவரும் இலர். அச்சாதனை 2004 வரை நிலைத்திருந்தது. அத்தொடரின் ஆட்டங்கள் அனைத்திலும் இந்தியா தோற்றது. அவருடைய தலைமை வெற்றியோடு தொடங்கவில்லை என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

1964-இல் தில்லியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 203 ஓட்டங்கள் எடுத்தார். அவ்வாண்டே சென்னையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 128 எடுத்தார். 1967-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் முதல் இன்னிங்ஸில் 164 ஓட்டங்களுக்குள் சுருண்ட இந்திய அணி, மறு இன்னிங்ஸில் 510 எடுத்தது. அதில் 148 பட்டோடியுடையவை. ஆட்டம் தோல்வியில் முடிந்தாலும் இந்தியர்களின் தலை தாழவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் மெல்போர்ன் நகரில் நிகழ்ந்தது இன்னும் அரியது. தொடைத் தசை கிழிந்ததால் முந்திய ஆட்டத்தில் அவரால் ஆட இயலவில்லை. காயம் ஆறாத நிலையிலேயே மெல்போர்னில் களமிறங்கினார். இந்தியா 25 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்திருந்தது. ஓடுவதற்கு வேறொருவரைத் துணையாக வைத்துக்கொண்டு, முன்னங்கால் வைத்து ஆட முடியாத நிலையில், முதல் இன்னிங்ஸில் 75-உம் மறு இன்னிங்ஸில் 85-உம் எடுத்தார். ஒரு கண்ணும் ஒரு காலும் கொண்டு ஆடிய ஆட்டம் என்று அதை இன்றும் கிரிக்கெட் உலகம் நினைவுகூர்கிறது. அந்த ஆட்டத்திலும் இந்தியா தோற்றது. ஆனால் அங்கிருந்து நியூசிலாந்து சென்று, 1968-இல் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தொடரை வென்றது. அயல்நாட்டு மண்ணில் இந்தியா வென்ற முதல் தொடர் அது.

பட்டோடியின் மொத்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 46 டெஸ்ட் ஆட்டங்கள், 2,793 ஓட்டங்கள், ஆறு சதங்கள், சராசரி 34.91. நாற்பது ஆட்டங்களில் தலைமை தாங்கி ஒன்பதில் வென்றார், பத்தொன்பதில் தோற்றார். எண்களை மட்டும் பார்ப்போர், “இதைவிட மிகுதியாக எடுத்தவர் பலர் உளரே?” என்பர். உண்மைதான். இரு கண்களும் இருந்திருந்தால் எவ்வளவு எடுத்திருப்பார் என்று சிலர் கணக்குப் போடுவர். அக்கணக்கை அவர் போடவில்லை. 1969-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில், தாம் முன்பு நாடிய நிறைவுக்குச் சற்றுக் குறைந்த ஒன்றோடு அமைதி கொள்ள வேண்டியவராகவே தம்மை அவர் குறிப்பிடுகிறார். “குறையே இல்லை” என்று அவர் சொல்லவில்லை. “குறை உண்டு, அதனோடும் ஆடுவேன்” என்பதே அவர் நிலை.

இனி, தொடக்கத்தில் நான் சொன்ன தொடர்புக்கு வருகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். நன்றாகப் படிப்பான். ஆனால் சோதனைச் சாலையில் முகவையிலிருந்து சோதனைக் குழாயில் நீர் ஊற்றச் சொன்னால், பாதி நீர் மேசையில் கொட்டும். இரண்டு முறை எச்சரித்தேன். மூன்றாம் முறை ஒரு குழாயும் கீழே விழுந்து உடைந்தது. “கவனம் இல்லாதவனுக்கு இங்கே வேலை இல்லை” என்று கடிந்து, வகுப்பு முடியும்வரை வெளியே நிற்க வைத்தேன். அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் அவனுடைய தாயார் வந்து, “ஐயா, அவனுக்குச் சின்ன வயசிலே கிட்டிப்புள் பட்டு வலது கண்ணு தெரியாதுங்க. மத்தப் பிள்ளைங்க கேலி செய்வாங்கன்னு யார்கிட்டயும் சொல்லமாட்டான்” என்றார்.

நான் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். முன்வரிசையில், வகுப்பு முழுவதும் அவன் நல்ல கண்ணுக்குத் தெரியும்படி வலக்கோடியில் இடம் கொடுத்தேன். முகவையின் மூக்கைச் சோதனைக் குழாயின் விளிம்பில் தொடவைத்து ஊற்றும்படி சொல்லிக் கொடுத்தேன். தொட்டபின் தொலைவு என்ற கேள்வியே எழாது அல்லவா? அதன்பின் அவன் கையிலிருந்து ஒரு துளியும் சிந்தவில்லை. பின்னாளில் பட்டோடியின் கூஜாவையும் குவளையையும் பற்றிப் படித்தபோது, என் நினைவுக்கு வந்தது அந்தப் பையன் வெளியே நின்ற காட்சிதான். குறை அவன் கண்ணில் இருந்தது. ஆனால் பிழை என்னுடையது. நான் கேட்டிருக்க வேண்டும். கேளாமல் தீர்ப்புச் சொன்னேன்.

ஆதலால் பட்டோடியின் வரலாற்றை ஒரு பிரம்பாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். உடற்குறை உள்ள ஒரு பிள்ளையிடம், “பட்டோடி செய்தாரே, உன்னால் ஏன் முடியவில்லை?” என்று கேட்பது அறமாகாது. அவருக்கு நல்ல மருத்துவம் கிடைத்தது. பழகக் களம் கிடைத்தது. மீண்டும் ஆட வாய்ப்பளித்தவர்கள் இருந்தார்கள். முயற்சி அவருடையது, ஆனால் அம்முயற்சிக்கு இடம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். உங்கள் வகுப்பில் காது மந்தமான தோழன் இருக்கலாம். கால் வளம் குன்றிய தோழி இருக்கலாம். அவர்களுக்கு வேண்டியது இரக்கப் பேச்சு அன்று. “உனக்கு எங்கே உட்கார்ந்தால் வசதி? எப்படிச் செய்தால் எளிது?” என்ற ஒரு கேள்வியும், அவர்கள் சொல்லும் விடையைக் கேட்டு நடக்கும் மனமுமே வேண்டும்.

உடற்குறையோடு வாழும் மாணவர் எவரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவருக்கும் ஒரு சொல். குறையை மறைப்பதில் செலவாகும் ஆற்றல் பெரிது. அதை வெளிப்படச் சொல்லிவிட்டால், அந்த ஆற்றல் முழுவதும் பயிற்சிக்குக் கிடைக்கும். எது இல்லை என்பதைத் தெளிவாக அறியுங்கள். எது இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக அறியுங்கள். பிறகு, பிறர் செய்யும் முறையிலேயே செய்யவேண்டும் என்ற கட்டாயத்தை விட்டு, உங்களுக்குப் பொருந்தும் முறையைத் தேடுங்கள். தொப்பியைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வதும், முகவையைக் குழாயின் விளிம்பில் தொடவைப்பதும் சிறு செயல்கள்தாம். வழி அவற்றில்தான் திறக்கிறது.

1971-இல் அணித் தலைமை பட்டோடியின் கையை விட்டுப் போயிற்று. அவ்வாண்டின் இறுதியில் அரசுச் சட்டத்தால் மன்னர்களின் பட்டங்களும் போயின.  ஐதராபாத் அணியில் நண்பர் ஜெய்சிம்மாவின் தலைமையின்கீழ் ஆடினார். 1973 ஜனவரியில், பட்டம் ஏதுமற்ற மன்சூர் அலி கானாக, மீண்டும் நம் சென்னையிலேயே இந்திய அணிக்குத் திரும்பி 73 ஓட்டங்கள் எடுத்தார். 1975-இல் டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து விலகினார்.

2011 செப்டம்பர் 22-ஆம் நாள், எழுபதாம் வயதில், தில்லியில் அவர் காலமானார். தம் கண்ணைத் தானமாக அளிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவ்வாறே அது அளிக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுக் காலம் அவருக்கு இரண்டு கண்களின் வேலையைச் செய்த அந்த ஒரு கண்ணையும் அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

பென்சில்களைக் கீழே வைத்துவிடுங்கள், மாணவர்களே. மூடிய கண்ணையும் திறந்துகொள்ளுங்கள். திறந்த அக்கண்கள் இரண்டாலும், உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவரை நாளை வகுப்பில் ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.